துணையாறா, திறை நாடா: ட்ரிப்யூட்டரியில் தடுமாறும் இடங்கள்

ஆங்கிலத்தில் ட்ரிப்யூட்டரி என்றால் பெரிய ஆற்றில் போய்ச் சேரும் துணையாறு, பேரரசுக்குத் திறை கட்டும் நாடு என இரண்டு பொருள். வரலாற்று நூலில் வரும் ட்ரிப்யூட்டரி ஸ்டேட்டைத் 'துணை நாடு' என்று எழுதாதீர்கள், திறை என்று சங்கப் பாடல்களிலேயே சொல் இருக்கும்போது அது எதற்கு?

ஆற்றைக் குறித்த சொல்தான் பிறகு நாட்டுக்கு வந்தது என்பது அடுத்த தவறு. வந்தது தலைகீழாக. லத்தீனில் ட்ரிபூஸ் என்றால் ரோமக் குடிமக்களின் குலப்பிரிவு, ட்ரிபுவெரே என்றால் பங்கிட்டுக் கொடுப்பது, ட்ரிபூட்டும் என்றால் அவர்கள் கட்டிய வரி. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் திறை கட்டுகிறவர் என்றுதான் பொருள், ஆறு அப்புறம்தான் வந்தது. ட்ரிபூஸில் இருப்பது மூன்று என்ற எண்தான் என்றும் அடித்துச் சொல்லாதீர்கள், அறிஞர்களுக்குள் அதில் ஒத்த கருத்து இல்லை.

நம் ஊரில் அதிகம் பார்ப்பது கொள்ளிடத்தைக் காவிரியின் துணையாறு என்று எழுதுவது. ஹேமாவதி, கபினி, பவானி, நொய்யல், அமராவதி எல்லாம் காவிரிக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பவை, அதனால் துணையாறுகள். கொள்ளிடமோ முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரிந்து போகிறது, அது கிளையாறு. வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறும் அப்படித்தான். கொடுக்கிறதா, வாங்கிக்கொண்டு பிரிகிறதா என்று பார்த்தால் போதும்.

துணையாறு என்றாலே சின்னது என்ற நினைப்பும் சரியில்லை. பிரயாக்ராஜில் கங்கையைவிட யமுனைதான் அதிகத் தண்ணீர் கொண்டுவருகிறது, ஆனாலும் துணையாறு யமுனைதான்.

நாடுகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். திறை கொடுத்தது என்று ஏட்டில் இருப்பதாலேயே அடிமை நாடு என்று முடிவுகட்டிவிடக் கூடாது, யாருடைய ஏடு என்று பார்க்க வேண்டும். சீனாவின் சோங் அரசு, தன்னிடம் வந்த வெளிநாட்டுத் தூதர்களின் பரிசுகளைத் திறை என்றே பதிந்துவைத்தது. ராஜராஜன் அனுப்பிய சோழத் தூதுக்குழு 1015இல் போய்ச் சேர்ந்ததும் அந்தக் கணக்கில்தான். அதை வைத்துச் சோழநாடு சீனாவுக்குக் கட்டுப்பட்டிருந்தது என்று சொன்னால் முழுத் தவறு, அங்கே திறை என்ற பெயரில் நடந்ததில் பெரும்பங்கு வணிகம். 1077இல் போன சோழக் குழு கொடுத்தது கண்ணாடிப் பொருள், கற்பூரம், தந்தம் போன்றவை, பதிலுக்கு வாங்கி வந்தது 81,800 சரம் செப்புக் காசு.