வெள்ளாட்டுக் கண்ணில் பூ விழுவதற்கு முன்

ஆடு ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்கிறது, கன்னத்தில் நீர் வழிந்து மயிர் ஒட்டியிருக்கிறது என்றால் கைக்குக் கிடைத்த சொட்டு மருந்தை ஊற்றத்தான் யாருக்கும் தோன்றும். அதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒரு கண்ணில் மட்டுமா, இரண்டிலுமா? அந்த ஓர் ஆட்டுக்கு மட்டுமா, பட்டியில் வேறு ஆடுகளுக்கும் உண்டா? இது தெரிந்தாலே பாதி வைத்தியம் தெளிவாகிவிடும்.

ஓர் ஆட்டுக்கு, ஒரே கண்ணில் மட்டும் என்றால் முதல் சந்தேகம் துரும்பின் மேல். ஊசிப்புல் காய்ந்த காட்டில் மேய்ந்த ஆட்டின் கண்ணில் புல் விதை ஏறி, இமைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். சீமைக்கருவேல முள் கீறியிருக்கலாம். திருகுகள்ளி வேலியை முட்டி ஒடித்த ஆட்டுக்குக் கள்ளிப்பால் தெறித்து ஒரே நாளில் கண் வெளுத்துப்போவதும் உண்டு. நல்ல வெளிச்சத்தில் இரண்டு இமைகளையும் விலக்கி, உள்மூலை வரை பாருங்கள். துரும்பு தெரிந்தால் உப்பு நீரை (கலக்கும் அளவு கீழே இருக்கிறது) பீய்ச்சிக் கழுவி வெளியே தள்ளுங்கள். விரலால் நோண்ட வேண்டாம். கருவிழியில் குத்தி நிற்கும் முள்ளை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். கள்ளிப்பால் பட்ட கண்ணை உடனே பதினைந்து நிமிடம் நிறைய சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

பிறந்து ஓரிரு நாளான குட்டிக்குக் கண்ணில் நீர் வடிந்தால் கீழ் இமையைப் பாருங்கள். இமை உள்பக்கம் மடிந்து, இமை மயிர் விழியை உரசிக்கொண்டிருக்கும். இதை எத்தனை களிம்பாலும் சரிசெய்ய முடியாது. இமையை வெளியே உருட்டிவிட்டு, நாளுக்குப் பலமுறை அப்படியே செய்தால் லேசான மடிப்பு நிமிர்ந்துவிடும். நிமிராவிட்டால் மருத்துவர் ஒரு தையலோ கிளிப்போ போட்டு இமையை வெளியே இழுத்து நிறுத்துவார்.

தொற்று என்றால்

சந்தையில் வாங்கிய ஆடு வந்து சில நாளில் ஒன்று, பிறகு மூன்று, பிறகு ஆறு என்று கண் சிவந்தால் அது தொற்றுக் கண்நோய். வெள்ளாடுகளில் இதற்குப் பெரும்பாலும் காரணம் மைக்கோபிளாஸ்மா, கிளமிடியா என்ற இரு வகை நுண்ணுயிரிகள். மாட்டுக்கு வரும் கண்நோய்க்குக் காரணமான கிருமி வேறு. அதனால் மாட்டுக்கான தடுப்பூசி ஆட்டுக்கு உதவாது. நமக்கு வரும் மெட்ராஸ் ஐ வைரஸால் வருவது, அதுவும் இதுவும் ஒன்றல்ல. கண்ணில் மொய்க்கும் ஈ, நெருக்கமாக உரசி நிற்பது, ஒரே தொட்டியில் முகம் வைத்துத் தின்பது, தூசி ஆகியவை இதைப் பரப்பும். குணமான ஆடு கூடப் பல மாதம் கிருமியைச் சுமந்து திரியும்.

முதலில் நீர் வடியும், கண் கூசும், ஆடு நிழல் தேடும். பிறகு நீர் கெட்டியாகிப் பீளை தள்ளும், கருவிழி மங்கும். முற்றினால் நடுவில் புண் விழும். குணமாகும்போது விழியின் விளிம்பிலிருந்து சிவந்த நரம்புகள் நடுப்பக்கம் ஏறி வரும். இதைப் பார்த்து நோய் முற்றிவிட்டதென்று பயந்து மருந்தை மாற்றுபவர்கள் அதிகம். புண்ணை ஆற்ற வரும் இரத்தக் குழாய்கள் அவை. ஆடு கண்ணை நன்றாகத் திறக்கிறது, நீர் வடிவதும் குறைகிறது என்றால் அதே மருந்தைத் தொடருங்கள். முழுதாய்த் தெளிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும்.

கழுவுவதும் போடுவதும்

ஆட்டைச் சுவரோரம் நிறுத்தி, உடம்பை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொள்ளுங்கள். கொம்பைப் பிடித்துத் திருகாமல் தாடையின் அடியில் கை கொடுத்து முகத்தைச் சற்று தூக்குங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து 9 கிராம் உப்பு, அதாவது தலை தட்டிய ஒன்றரைத் தேக்கரண்டி, கரைத்து ஆறவிடுங்கள். பீளை காய்ந்து ஒட்டியிருந்தால் உரிக்காமல், நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்து ஊறவிட்டுத் துடையுங்கள். ஒரு கண்ணுக்கு ஒரு துண்டுத் துணி, துடைத்ததும் எரித்துவிடுங்கள்.

களிம்பில் முதல் தேர்வு டெட்ராசைக்ளின் வகைக் கண் களிம்பு. கீழ் இமையைக் கட்டைவிரலால் கீழே இழுத்தால் ஒரு பை போலத் திறக்கும். அதற்குள் ஒரு சென்டிமீட்டர் நீளம் பிதுக்கி, இமையை மூடி மெல்லத் தடவிவிடுங்கள். குழாயின் முனை விழியில் படக்கூடாது. பட்டால் அடுத்த ஆட்டுக்கு நோயை நீங்களே கொண்டுபோகிறீர்கள். நாளுக்கு மூன்று நான்கு முறை போட வேண்டும். கண்ணீர் மருந்தைக் கழுவிக்கொண்டே இருப்பதால் காலையில் ஒரு தடவை போட்டுவிட்டு விடுவதில் பயனில்லை. சொட்டு மருந்தும் சேர்த்துத் தருவதானால் முதலில் சொட்டு, ஐந்து நிமிடம் கழித்துக் களிம்பு. கண் தெளிந்த பிறகும் இரண்டு நாள் தொடருங்கள்.

பல ஆடுகளுக்கு வந்துவிட்டால் நான்கு முறை பிடித்து மருந்து போடுவது நடக்கிற காரியமில்லை. அப்போது ஊசிதான் வழி. மருத்துவர்கள் பெரும்பாலும் நீண்ட நேரம் வேலை செய்யும் ஆக்ஸிடெட்ராசைக்ளினைப் போடுவார்கள். அளவு எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம். மில்லிக்கு 200 மில்லிகிராம் உள்ள மருந்தானால் 10 கிலோவுக்கு 1 மில்லி, 25 கிலோ ஆட்டுக்கு 2.5 மில்லி. தேவைப்பட்டால் மூன்றாம் நாள் இன்னொரு தடவை. பாட்டிலின் மேல் எழுதியிருக்கும் செறிவைப் பாருங்கள். மில்லிக்கு 50 மில்லிகிராம் உள்ள சாதாரண வகையும் கடையில் உண்டு, அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சினை ஆடு என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் இம்மருந்து வயிற்றுக் குட்டியின் எலும்பிலும் பல்லிலும் படியும். பென்சிலின் இங்கே வீண். அது தாக்குவது கிருமியின் சுவரை, மைக்கோபிளாஸ்மாவுக்குச் சுவரே கிடையாது.

கண்ணைப் பறிக்கும் மருந்துகள்

வீட்டில் யாருக்கோ வாங்கி மீந்த சொட்டு மருந்தை ஆட்டுக்கு விடுவதுதான் இதில் பெரிய ஆபத்து. லேபிளில் டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பு சட்டென்று குறையும், பார்ப்பவருக்கு மருந்து வேலை செய்வது போலத் தெரியும். கருவிழியில் புண் இருந்தால் அது ஆறாமல் ஆழமாகி, ஓட்டை விழுந்து கண் கெட்டுவிடும். புண் உண்டா என்பதை மருத்துவர் ஒரு சாயச் சொட்டு விட்டுப் பார்ப்பார். புண் இருக்கும் இடம் பச்சையாக ஒளிரும். அந்தச் சோதனை இல்லாமல் ஸ்டீராய்டைத் தொட வேண்டாம். குளோராம்பெனிகால் கண் மருந்தும் வேண்டாம். இறைச்சிக்கும் பாலுக்கும் வளர்க்கும் விலங்குகளுக்கு அது தடை செய்யப்பட்டது.

புகையிலைச் சாறு, சுண்ணாம்பு, உப்புத் தூள் ஊதுவது எல்லாம் இன்னும் நடக்கிறது. நோயால் பார்வை போகாத ஆட்டுக்கும் இவற்றால் போகும். சுண்ணாம்பு விழியை வேகவைத்துவிடும். உப்பு ஊதிய பிறகு பூ கரைந்தது என்று சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது தானாகவே கரையும் கட்டத்தில் இருந்த பூவாக இருக்கும்.

நோய் கண்ட ஆட்டைப் பிரித்து நிழலில் கட்டுங்கள், வெயில் வலியைக் கூட்டும். இரண்டு கண்ணும் மங்கிய ஆடு தொட்டியைத் தேடிப் போகாது. தீவனத்தையும் தண்ணீரையும் முகத்தருகே, தினமும் ஒரே இடத்தில் வையுங்கள். நிறை சினை ஆடு இரண்டு நாள் பட்டினி கிடந்தால் சினைக்கால நச்சு நோய் வந்து தாயையே இழக்க நேரிடும்.

கண் நீரோடு காய்ச்சல் 104 பாரன்ஹீட்டைத் தாண்டி, மூக்கில் சளி, வாய்ப் புண், கழிச்சல் சேர்ந்தால் அது ஆட்டுக்கொல்லி நோயாக இருக்கலாம். களிம்பை நம்பி நிற்காமல் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், கால்நடை மருத்துவ உதவிக்கான 1962 எண்ணிலும் அழைக்கலாம். முகத்தின் ஒரு பக்கம் தொங்கி, ஆடு வட்டமடித்தால் பூஞ்சை பிடித்த ஊறுகாய்ப் புல் (சைலேஜ்) கொடுத்தீர்களா என்று யோசியுங்கள். அது மூளையைத் தாக்கும் லிஸ்டீரியா என்ற கிருமியாக இருக்கலாம், நேரம் குறைவு. விழியின் நடுவில் கூம்பு போல ஏதாவது புடைத்து வந்தாலும், மூன்று நாள் மருந்துக்கு அசையாவிட்டாலும் காத்திருக்க வேண்டாம்.

எட்டயபுரம், அய்யலூர், செஞ்சி என்று எந்தச் சந்தையில் வாங்கினாலும் காசு கொடுக்கும் முன் ஆட்டின் இரண்டு கண்களையும் வெயிலில் திருப்பிப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் குறைந்தது 21 நாள் தனிக் கொட்டில். கிருமியைச் சுமக்கும் ஆடு கண் தெளிவாகவே நிற்கும் என்பதால் இது முழுப் பாதுகாப்பு அல்ல, ஆனால் இதைவிடச் சிறந்தது கைவசம் இல்லை. பரணுக்கு அடியில் புழுக்கையைத் தேங்கவிடாதீர்கள். அங்கே குனிந்து நிற்கும்போது அதன் வாடையில் உங்கள் கண் எரிந்தால் ஆட்டின் கண்ணுக்கும் அது எரிச்சல்தான், ஈயும் அங்கேதான் பெருகும்.

ஆடுகளைக் கவனிக்கும் வரிசையில் நல்ல ஆடுகளை முதலிலும் நோயாளிகளைக் கடைசியிலும் பாருங்கள். ஒவ்வோர் ஆட்டுக்குப் பிறகும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கிளமிடியா வகைகளில் சில மனிதருக்கும் தொற்றும், கருவுற்ற பெண்கள் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். ஊசி போட்ட தேதியைக் குறித்துவைத்து, லேபிளில் சொன்ன நாள் வரை அந்த ஆட்டின் பாலை வீட்டுக்கும் எடுக்காதீர்கள், கறிக்கும் விற்காதீர்கள்.