அயல்நாட்டு ஊரோடு நட்புறவு அமைப்பது எப்படி?

இரு நாடுகளுக்கிடையிலான பண்பாட்டு உறவு என்றதும் தூதரகங்களும் கலைவிழா மேடைகளுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால் 1870-க்கும் 1945-க்கும் இடையே மூன்று பெரும் போர்களில் மோதிக்கொண்ட பிரான்சும் ஜெர்மனியும் பிறகு நெருங்கிவந்ததில், நகராட்சிகளுக்கும் பள்ளிகளுக்கும் இளைஞர் சங்கங்களுக்கும் பெரும் பங்கு உண்டு. அயல்நாட்டு அமைப்பு ஒன்றோடு உறவு தொடங்க விரும்பும் எவரும் அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.

முதலில் உங்களுக்கு நிகரான துணையைத் தேடுங்கள். பெருநகரத்தோடு கைகோக்கும் சிற்றூர் அங்கே பத்தோடு பதினொன்றாகவே இருக்கும். போருக்குப் பின் அவ்விரு நாடுகளையும் இணைத்த முதல் சகோதர நகரங்களான ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க்கும் பிரான்சின் மோன்பெலியாரும் 1950-ல் கைகோத்தபோது, இரண்டுமே தலைநகர்கள் அல்ல. மோன்பெலியார் பல நூற்றாண்டுகள், லுட்விக்ஸ்பர்க் அமைந்த ஜெர்மன் பகுதியான வுர்ட்டம்பர்க்கின் அரச குடும்பத்தின் ஆட்சியில் இருந்ததால், பேசத் தொடங்கப் பொதுவான வரலாறும் இருந்தது. அந்நகர மேயர் லூசியன் தாராதன், நாஜிகளின் புகென்வால்ட் வதைமுகாமில் அடைபட்டு மீண்டவர் என்பதை அறியும்போது, அவர் நீட்டிய கையின் மதிப்பு விளங்குகிறது.

அடுத்து, விருந்தினரை விடுதியில் அல்ல, வீடுகளில் தங்க வையுங்கள். ஒரு மாணவி வேற்று நாட்டுக் குடும்பத்தோடு ஒரு வாரம் உண்டு, அவர்கள் பிள்ளைகளோடு பள்ளிக்குப் போய்வந்தால் அவளுக்குக் கிடைக்கும் அறிமுகத்தை எந்தக் கண்காட்சியும் தராது. அடுத்த ஆண்டு அந்த வீட்டுப் பிள்ளை இங்கே வரவேண்டும். ஒரு பக்கம் மட்டுமே விருந்தோம்பும் உறவு விரைவில் சலித்துவிடும்.

பணத்தைப் பற்றித் தயங்காமல் முதலிலேயே பேசிவிடுங்கள். 1963 ஜனவரி 22 அன்று கையெழுத்தான, இரு நாட்டு நட்புறவுக்கான எலிசே ஒப்பந்தத்தையடுத்து, அதே ஆண்டில் உருவான பிரெஞ்சு-ஜெர்மன் இளைஞர் அலுவலகத்துக்கு இரு அரசுகளும் சம அளவில் நிதி தருகின்றன. அதன் வழியே இதுவரை 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் பரிமாற்றங்களில் பங்கேற்றுள்ளனர். பயணச்செலவு வருபவருடையது, உணவும் தங்குமிடமும் அழைப்பவருடையது என்று வகுத்துக்கொள்வது எளிது. இந்தியச் சங்கங்கள் வெளிநாட்டு நன்கொடை பெற வேண்டுமானால் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010-ன்கீழ் பதிவோ முன் அனுமதியோ தேவைப்படும் என்பதால், அவரவர் செலவை அவரவர் நாட்டிலேயே செய்வது சிக்கலைக் குறைக்கும்.

எல்லாவற்றிலும் கடினமானது, கசப்பான கடந்த காலத்தை எப்படிப் பேசுவது என்பதுதான். பாட்டும் உணவும் மட்டுமே பரிமாறிக்கொண்டு அதை ஒதுக்கிவைத்தால், முதல் அரசியல் பூசலிலேயே உறவு ஆட்டம் காணும் என்பது என் உறுதியான கருத்து. 2003-ல் பெர்லினில் கூடிய இரு நாட்டு இளைஞர் நாடாளுமன்றம் பொதுவான வரலாற்றுப் பாடநூல் வேண்டும் என்று கேட்டது. ஒரே உள்ளடக்கத்தோடு இரு மொழிகளிலும் எழுதப்பட்ட முதல் தொகுதி 2006-ல் வெளிவந்தது. பாடநூல் எழுதுவது உங்களுக்குப் பெரிய வேலையாகத் தோன்றினால், ஒரே நிகழ்வை இரு ஊர்ப் பள்ளிகளும் எவ்வாறு கற்பிக்கின்றன என்று இரு நாட்டு ஆசிரியர்களும் அமர்ந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். கருத்து வேறுபடும் இடங்களை அழிக்காமல் அப்படியே குறித்துவைக்கவும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பரிமாற்றங்கள் நடந்தேறிய பின் எழுதும் ஒப்பந்தத்தில் யார், எப்போது, எந்தச் செலவில் என்பவை தெளிவாக இடம்பெறும். தலைவர்கள் தேர்தலோடு மாறுவார்கள் என்பதால், இரு ஊர்களிலும் பதவியைச் சாராத பொறுப்பாளர் இருவரையேனும் அதில் பெயர் குறித்து நியமியுங்கள். உள்ளாட்சி அமைப்பாயின் மாநில அரசின் வழியே வெளியுறவு அமைச்சகத்தின் இசைவையும் முன்கூட்டியே பெற்றுவிடுங்கள்.