ஸ்போர்ட்ஸ் காரில் ஒல்லி ஸ்டெப்னி மாட்டும்போது

கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரம் டயர் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பெங்களூரிலிருந்து வரும் ஸ்போர்ட்ஸ் கார் ஏதாவது பஞ்சராகி நிற்கும். டிக்கியைத் திறந்தால் மொபெட் சக்கரம் மாதிரி ஒரு ஸ்டெப்னி!

முதலில் அளவைப் பாருங்கள். காரில் 255/40, 19 அங்குலம் (டயர் அகலம் மி.மீ.-ல், பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம், ரிம் விட்டம் என்ற வரிசை). ஸ்டெப்னி 155/70, 17 அங்குலம் என்று வையுங்கள். டயரோடு சேர்த்து மொத்த விட்டம் முறையே சுமார் 687 மி.மீ., 649 மி.மீ. ஒரே அச்சில் இரண்டும் இருந்தால் சின்னது வேகமாகச் சுழலும்; இன்ஜின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுத்து, வேறுவேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைத்துச் சூடாகும். அந்த வேக வித்தியாசத்தைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகைக்கு இது இன்னும் கேடு.

அதனால் பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் பின்னால் பஞ்சரானால், நல்ல முன்சக்கரத்தைப் பின்னால் போட்டு, ஸ்டெப்னியை முன்னால் மாட்டுவேன். இரட்டை வேலைதான், என்ன செய்வது? முன்னும் பின்னும் வேறு அளவு டயர் உள்ள வண்டியில் மட்டும் இது சரிவராது, கையேட்டைப் பாருங்கள். மாட்டியதும் ஜாக்கியில் இருக்கும்போதே கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் காலிப்பரில் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) உரசினால் அவ்வளவுதான், ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள்.

காற்று பெரும்பாலும் 60 பி.எஸ்.ஐ.; டயரிலேயே எழுதியிருக்கும். பழக்கதோஷத்தில் 32 அடித்துவிடுகிறார்கள். வேகம் 80-ஐத் தாண்ட வேண்டாம். அப்புறம், சேலம் போகிறவர்கள் தருமபுரியிலேயே பஞ்சர் ஒட்டிக்கொள்ளுங்கள். தொப்பூர் இறக்கத்தில் இந்தச் சக்கரத்தை நம்பி இறங்காதீர்கள்.