பழைய ஹொண்டாவை மணலில் இறக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏறுவதற்கு மலை இல்லை. ஆனாலும் பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிள் ஒன்றை மாற்றிக் கட்ட நினைப்பவர்கள் கராஜில் காட்டும் படம், வெளிநாட்டு மலைச்சாரலில் நிற்கும் உயரமான வண்டியின் படம்தான். அதைப் பார்த்து வெட்டி, ஒட்டி, உயர்த்திய வண்டி மணற்காட்டில் புதைகிறது. நெடுந்தீவுக் கல்லில் துள்ளுகிறது. நமக்கு வாய்த்த நிலம் வேறு: வடமராட்சி கிழக்கின் பொடிமணல், தீவுகளின் முருகைக்கல், பனங்கூடல்களுக்குள் நெளியும் ஒழுங்கைகள், எல்லாவற்றுக்கும் மேலே உப்புக்காற்று. இங்கே உயரம் அவ்வளவாக உதவாது. பாரம் குறைவாகவும் எஞ்சின் சீராகவும் இருந்தால் போதும்.

அதனால் வெளித்தோற்றத்தில் தொடங்குவதையே முதல் தவறாகச் சொல்வேன். சிடி 125, சி 90 போன்ற வண்டிகளில் பல, 1990களில் போரின் நடுவே பெற்றோல் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் ஓடியவை. சில துளி பெற்றோலைக் காட்டி எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிய அந்தக் கெட்டித்தனத்தைப் பெருமையாகவே பேசலாம். ஆனால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும். அப்படி ஓடிய எஞ்சினுக்குள் எது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்காமல் புது ரயரும் அகலமான ஹான்டிலும் பூட்டுவது வீண் செலவு. மணலில் தாழ்ந்த கியரில் முறுக்கிப் பிடிக்கும்போது, வீதியில் படாத பாட்டை எஞ்சின் படும். கொம்பிரஷனை (சிலிண்டருக்குள் எழும் அமுக்கத்தை) அளந்து, நீலப் புகை வருகிறதா என்று பார்த்து, பிறேக் வயரையும் சில்லுப் பெயாரிங்கையும் மாற்றிய பிறகு மற்றதைப் பேசுங்கள்.

ரயரில் இரண்டு தவறுகள் சோடியாக வரும். கிடைத்ததில் பெரிய பல் வைத்த ரயரைப் போடுவது ஒன்று. சி 90இன் சில்லு 2.50-17 அளவு ரயருக்காகச் செய்தது. அதில் அகலமான ரயரைத் திணித்தால், நிறுத்தி வைத்துக் கையால் சுற்றும்போது உரசாது. ஆள் ஏறிக் குழியில் இறங்கும்போது மட்காட்டில் உரசும். மணற்காட்டுக்குப் போவதற்கே பருத்தித்துறை வீதியின் தாரில் நெடுந்தூரம் ஓட வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. பெரிய பல் மழைத் தாரில் வழுக்கும். நடுத்தரப் பல் போதும்.

மற்றது, மணல் என்றதும் காற்றை அளவுக்கு மீறி இறக்குவது. இறக்கத்தான் வேண்டும். ஆனால் இந்த வண்டிகளில் இருப்பது ரியூப். ரயரை றிம்மோடு கவ்விப் பிடிக்கும் பூட்டு கிடையாது. காற்று மிகக் குறைந்தால் ரயர் றிம்மில் நழுவும், ரியூப்பையும் கூட இழுக்கும். வால்வு மட்டும் துளையில் மாட்டிக்கொண்டு நிற்கும். குனிந்து வால்வைப் பாருங்கள். சில்லின் நடுவை நோக்கி நேராக நிற்க வேண்டிய அது சாய்ந்திருந்தால், ரியூப் வால்வின் அடியில் கிழியப் பார்க்கிறது. பலர் வால்வின் நட்டை றிம்மோடு இறுக்கி வைக்கிறார்கள். அப்போது சாய்வு தெரியாது, கிழிவது மட்டும் நடக்கும். நட்டை மூடிப் பக்கம் ஏற்றி விடுங்கள். 18 இறாத்தல் (psi) அழுத்தத்துக்குக் கீழே இறக்குவதை நான் விரும்புவதில்லை. காற்றுக் குறைந்த ரியூப்பைக் கல்விளிம்பும் எளிதாகக் கடித்துவிடும்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது, காற்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, காபுரேற்றர் வாயில் சிறிய கூம்பு வடிகட்டி ஒன்றைச் செருகி வைத்திருப்பதைப் பார்க்கும்போது. பார்வைக்கு அழகுதான். ஆனால் காற்று கூடிப் பெற்றோல் விகிதம் குறையும். காற்றால் குளிரும் எஞ்சின், மணலில் மெதுவாக ஓடும்போது கொதிக்கும். அதைவிடக் கேடு மணல். சி 90இல் ஒரு லீற்றர் ஒயில்கூடக் கிடையாது. அதற்குள் ஒயில் வடிகட்டி என்று இருப்பது ஒரு வலையும், சுழன்று அழுக்கை ஒதுக்கும் கிண்ணமும்தான். உள்ளே போன பொடிமணல் அந்த ஒயிலோடு கலந்து அரத்தைப் போல வேலை செய்யும். பழைய பெட்டியையே வைத்துக்கொண்டு, ஒயில் தடவிய பஞ்சு வடிகட்டியைப் போட்டு, மூடி பொருந்தும் விளிம்பில் கிறீஸ் பூசுங்கள். ஒரு மணல் ஓட்டம் முடிந்ததும் வடிகட்டிக்கும் காபுரேற்றருக்கும் நடுவிலுள்ள குழாய்க்குள் விரலை விட்டுத் துடையுங்கள். விரலில் நறநறவென்று பட்டால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

செயின் மூடியும் இதே கதை. சி 90இல் செயினை முழுதாக மூடும் தகர உறை, மணலுக்கென்றே செய்ததைப் போல அமைந்திருக்கிறது. அழகில்லை என்று முதலில் கழற்றுவது அதைத்தான்!

பின் சொக்கை (அதிர்வுதாங்கியை) நீளமாக்குபவர்கள் செயினை மறந்துவிடுகிறார்கள். பின்பக்கம் உயர்ந்தால் செயினின் கோணம் மாறும், முன்சில்லைத் தாங்கும் ஃபோர்க் செங்குத்தாகி ஹான்டில் துடிக்கும், நடு ஸ்டாண்ட் தரையை எட்டாது. எவ்வளவு உயர்த்தினாலும், முன் பல்சில்லின் அச்சு, பின்சில்லைத் தாங்கும் ஆர்ம் அசையும் புள்ளி, பின்சில்லின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும் நிலையில்தான் செயின் அதிகம் இறுகும்; தளர்வை அந்த நிலையில் வைத்து அளக்க வேண்டும். வலு போதவில்லை என்றால் முன் பல்சில்லில் ஒரு பல்லைக் குறையுங்கள். 15க்குப் பதில் 14 போட்டாலே இழுவை 7 வீதம் கூடும். அதற்கு மேல் எஞ்சினைத் துளைத்துப் பெரிதாக்கத் தேவையில்லை.

சைலன்சரை மேலே தூக்குவதும் பெரும்பாலும் அலங்காரமே. வெள்ளம் நிற்கும் ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சம் உதவும். ஆனால் சூடான குழாய் காலருகே வரும்; சாரத்தோடு (கைலியோடு) வண்டி ஓடுபவர்கள் ஒருமுறை யோசிக்கட்டும். நெடுந்தீவுக்கு அதைவிடத் தேவையானது, எஞ்சினுக்குக் கீழே ஒரு தகடு. அதை வண்டியின் சட்டத்தில் (சேசிஸில்) பூட்டுங்கள், எஞ்சின் வார்ப்பில் அல்ல. ஒயில் வடிக்கும் ஆணிக்குத் துளையும் விடுங்கள்.

சட்டத்தை வெட்டவே வேண்டாம். வெட்டினால் பலம் போகும், மீட்க வழியும் இராது. பல பழைய ஹொண்டாக்களில் சேசிஸ் இலக்கம் ஹான்டில் கழுத்தில் பொறித்திருக்கும். அங்கே அரைத்து, ஒட்டி, மை பூசி அது மறைந்தால் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுக் காட்ட எதுவும் மிஞ்சாது.

கடற்கரையில் ஈரமணல் கெட்டியாக இருக்கும், சில்லு புதையாது. அதனால் எல்லோரும் அலை ஓரமாகவே ஓடுகிறார்கள். அதுவே வண்டியைத் தின்னும் இடம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரால், மெதுவான தாரையில் கழுவுங்கள். சில்லுக்கம்பிகளின் முனைகளையும் பற்றரியின் எர்த் வயர் பூட்டும் இடத்தையும் விடாதீர்கள். தாரை வேகமாக அடித்தால் உப்பை பெயாரிங்குக்குள் தள்ளிவிடும். பிறகு பிறேக்கை மெல்லப் பிடித்துக்கொண்டே கொஞ்சத் தூரம் ஓடினால் டிரம் காயும்.

இடம் தெரியாமல் தடம் விட்டு இறங்குவதை மட்டும் யாரும் செய்யக் கூடாது. முகமாலை, வடமராட்சி கிழக்கின் நாகர்கோவில் பக்கங்கள் கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்த நிலங்கள். மண்டையோட்டுப் பலகை விழுந்து கிடந்தாலும் அது பலகைதான். ஊரவர்கள் நடக்கும், மாடு போகும் தடத்திலேயே ஓடுங்கள். சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா; அந்தப் பக்கம் போகுமுன் வனசீவராசிகள் திணைக்களத்தில் அனுமதி கேளுங்கள்.