ஒன்றரை லட்சம் பேரில் ஒரு தாத்தா: மெதுவான குவெரியை வேகப்படுத்தும் வழி

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்து சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். ஆளுக்கொரு எண் போட்டு, பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, ஊர் எல்லாம் கப்பல் பட்டியலில் பதிந்தார்கள். அதை போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளத்தில் ஏற்றி, டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் நம் ஆட்களுக்காக ஒரு தேடல் பக்கம் செய்தேன். முதல் நாளே ஒரு பாட்டி தம் தாத்தாவைத் தேட உட்கார்ந்தார். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் எழுந்து போய்விட்டார். அது இன்னும் உறுத்துகிறது.

கட்டளைகளைத் தமிழில் தருகிறேன், அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

படி 1: நேரம் எங்கே போகிறது?

குவெரிக்கு (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விக்கு) முன்னால் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் சேர்த்து ஓட்டுங்கள், எவ்வளவு நேரம் ஆனது என்று காட்டும். எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை என்று காட்டியது, பக்கமோ அசையவில்லை. புதிதாகப் பழகுபவர்கள் குழம்புவது இங்கேதான். இந்தக் கட்டளை குவெரியை சர்வரிலேயே ஓட்டி முடித்துவிடும், விடையை உங்களுக்கு அனுப்பாது. இதில் வேகமாகவும் நிஜத்தில் மெதுவாகவும் இருந்தால், நேரத்தைத் தின்பது தேடல் இல்லை, அள்ளி அனுப்பும் வேலை. அதற்கு எத்தனை இண்டெக்ஸ் (தேடலை வேகப்படுத்தும் அட்டவணை) போட்டாலும் பயனில்லை.

படி 2: தேவையானதை மட்டும் கேளுங்கள்

நான் 'செலக்ட் *', அதாவது எல்லா விவரமும் வேண்டும் என்று எழுதியிருந்தேன். ஒவ்வொரு வரியிலும் பட்டியல் பக்கத்தின் படமும் இருந்தது! போஸ்ட்கிரஸ் இப்படிப்பட்ட பெரிய மதிப்புகளைத் தனியே ஒதுக்கி வைக்கும், கேட்டால்தான் எடுக்கும். பெயர், வயது, ஊர் மட்டும் கேட்டதும் பாரம் இறங்கியது. ஒரு பெயரைத் தொட்டபிறகு அதன் படத்தைக் கேட்டால் போதும்.

படி 3: ஐம்பது ஐம்பதாக

எத்தனை வரி வேண்டும் என்று சொல்லும் லிமிட் போடுங்கள், எத்தனை வரியைத் தாண்ட வேண்டும் என்று சொல்லும் ஆஃப்செட்டைத் தவிருங்கள். ஆஃப்செட் 100000 என்றால், அந்த லட்சம் வரிகளையும் கடந்து வந்துதான் உங்கள் 50 வரியைத் தரும். கடைசியாகக் காட்டிய எண்ணை வைத்துக்கொண்டு இப்படிக் கேளுங்கள்:

செலக்ட் எண், பெயர், வயது, ஊர்
ஃப்ரம் பயணிகள்
வேர் எண் > 41250
ஆர்டர் பை எண்
லிமிட் 50;

எண்தான் பிரைமரி கீ (ஒவ்வொரு வரிக்கும் உரிய தனி அடையாளம்) என்பதால் இண்டெக்ஸ் வழியே நேராக அந்த இடத்துக்குப் போய்விடும். 37ஆம் பக்கத்துக்குத் தாவ முடியாதுதான். தாத்தாவைத் தேடுபவருக்கு அது தேவைப்படுவதில்லை.

படி 4: பெயர்த் தேடல்

முனுசாமி இங்கே மூன்சாமி ஆனார். பெயரின் நடுத்துண்டை லைக் '%சாமி%' என்று தேடினால் சாதாரண இண்டெக்ஸ் உதவாது. பிஜி_டிஆர்ஜிஎம் என்னும் எக்ஸ்டென்ஷனை (கூடுதல் வசதியை) போஸ்ட்கிரஸில் சேர்த்து, ஜின் என்னும் வகை இண்டெக்ஸ் போடுங்கள். பெயரை மும்மூன்று எழுத்தாக நறுக்கி வைப்பதால், எழுத்து மாறிய பெயர்களையும் ஒப்பிட்டுப் பிடிக்கலாம்.

படி 5: மொத்தமும் வேண்டுமென்றால்

பைத்தானை போஸ்ட்கிரஸோடு இணைக்கும் சைக்கோபிஜி2 முழு விடையையும் மெமரியில் இறக்கிவிடும். விடையை வரி வரியாகப் படிக்கும் கர்சருக்கு ஒரு பெயர் கொடுத்து லூப்பில் படித்தால் 2000 வரிகளாக எடுத்து வரும். வெறும் சிஎஸ்வி கோப்புதான் வேண்டுமென்றால் போஸ்ட்கிரஸின் காப்பி கட்டளையே போதும், நிரல் எதுவும் எழுத வேண்டாம்.