ஆறு ஸ்பேடு ஒரு பிடியில தோத்துகிட்டே இருந்தது எப்படி நின்னுச்சு

காட்பாடியில எங்க செட்டு சாயங்காலம் பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆடுறப்ப ஆறு ஸ்பேடு (ஸ்பேடு துருப்பா 13 பிடியில 12 எடுப்போம்ங்கிற ஏலம்) கேட்டா ஒரு பிடி கம்மியாவே வரும், பாயிண்ட் (ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1) என்னவோ சரியாதான் இருக்கும். ஒரு கை சொல்றேன் பாருங்க. எனக்கு ஸ்பேடு கிங் குயின் ஜாக்கோட ஆறு சீட்டு, ஹார்ட் ஏஸ் கிங்கோட மூணு, டைமண்ட் கிங் குயின், கிளப்ல ரெண்டு சின்ன சீட்டு. பார்ட்னருக்கு ஸ்பேடு ஏஸ், டைமண்ட் ஏஸ் ஜாக், ஹார்ட் குயின் ஜாக், கிளப்ல வெறும் குயின் ஜாக். மொத்தம் 33 பாயிண்ட், பிளாக்வுட் (பார்ட்னர்கிட்ட எத்தனை ஏஸ்னு விசாரிக்கிற ஏலம்) கேட்டா ஒரு ஏஸ்தான் குறையுதுன்னு வரும், ஆனா கிளப் ஏஸ் கிங் ரெண்டும் எதிராளிங்ககிட்ட, கிளப் இறக்குனாங்கன்னா முதல் ரெண்டு பிடியும் போச்சு. பிளாக்வுட் எத்தனை ஏஸ்னு சொல்லும், எந்த ஜாதியில ஓட்டைனு சொல்லாது.

இப்ப மூணு ஸ்பேடுல துருப்பு முடிவானதும் கியூ பிட்தான், அதாவது எந்த ஜாதியில ஏஸ், கிங், ஒத்தச்சீட்டு மாதிரி பிடிப்பு இருக்குன்னு கீழ இருந்து வரிசையா காட்டுற ஏலம். கிளப்ல எனக்கு ஏஸ், கிங், ஒத்தச்சீட்டு எதுவும் இல்லாததால நாலு கிளப்ப தாண்டி நாலு டைமண்ட் சொல்றேன், அவருக்கும் இல்லன்னா நாலு ஸ்பேடுல நிறுத்திடுவாரு. 11 பிடி, கேம் (நாலு ஸ்பேடுக்கு வேண்டிய 10 பிடி) பத்திரம். ஸ்லாம் (12 பிடி ஏலம்) போனஸ் 500, வல்னரபிள்னா (போனஸும் அபராதமும் கூடுற நிலை) 750, ஆசை இருக்கத்தான் செய்யும், ஆனா ஓட்டை அடைஞ்சிருக்குன்னு தெரிஞ்ச அப்புறம்தான் பிளாக்வுட். முதல் சுத்துலயே கிங்கையும் காட்டலாமா, ஏஸ் மட்டுமான்னு ஆட்டத்துக்கு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க, நாங்க ரெண்டையும் காட்டுறோம்.