முதலில் இறக்கம், பிறகு ஏற்றம்: கிராண்ட் கேன்யனுக்குள் தனியாக ஓர் இரவு

தீர்த்தமலையும் கிருஷ்ணகிரிக் கோட்டை மலையும் ஏறிப் பழகிய கால்கள், எந்தப் பள்ளத்திலும் இறங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். நம் மலைகளில் ஏற்றம் முதலில் வருகிறது. மூச்சு வாங்கினால் பாதியிலேயே திரும்பிவிடலாம்; திரும்பும் வழி இறக்கம். அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கும் கிராண்ட் கேன்யனில் இந்தக் கணக்கு தலைகீழ். தெம்பாக இருக்கும்போது இறங்கிவிடுவோம். களைத்த பிறகு ஏற வேண்டும். பென்னாகரம் பக்கம் அரசுப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். பீனிக்ஸில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, 61 வயதில், தனியாக அந்தப் பள்ளத்தாக்கில் இறங்கி ஓர் இரவு தங்கி ஏறி வந்தேன். நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு அது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

பயிற்சியை ஊரிலேயே தொடங்குங்கள். நான் வத்தல்மலையைத் தேர்ந்தெடுத்தேன். காலை வண்டியில் மேலே போய்விட்டு, இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளில் நடந்து இறங்கி, அடிவாரத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து, வெயில் ஏறிய பிறகு மறுபடி மேலே நடந்தேன். வாரம் ஒரு முறை, மூன்று மாதம். முதுகுப்பையில் முதலில் ஐந்து கிலோ, பிறகு பத்து. ஏற்றம் மூச்சைச் சோதிக்கும். முழங்காலைச் சோதிப்பது இறக்கம்தான். இரண்டு கைக்கும் ஊன்றுகோல் பிடித்து நடக்க அங்கேயே பழகிக்கொண்டேன்.

கீழே கூடாரம் போட்டுத் தங்கப் பூங்கா நிர்வாகத்தின் அனுமதி கட்டாயம். இதற்கு நான்கைந்து மாதங்களுக்கு முன்பே இணையத்தில் குலுக்கலுக்குப் பெயர் கொடுக்க வேண்டும். கூடாரம் வேண்டாம் என்பவர்களுக்கு அடியில் ஃபேன்டம் ராஞ்ச் என்ற விடுதி இருக்கிறது. மேரி கோல்ட்டர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1922-இல் திறக்கப்பட்டது. அதற்கும் குலுக்கல்தான், அதுவும் ஓராண்டுக்கும் மேல் முன்னதாக.

அக்டோபர் கடைசியோ ஏப்ரலோ நல்ல பருவம். கோடையில் போகவே கூடாது. இறக்கம் தொடங்கும் தென் விளிம்பு சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அடியில் ஓடும் கொலராடோ ஆற்றின் கரை 2,500 அடிதான். இறங்கும் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் 3 டிகிரி செல்சியஸ் கூடும். வத்தல்மலையில் காப்பிச் செடி வளரும் குளுமையையும் தர்மபுரி பஸ் நிலையத்து வெக்கையையும் ஒரே காலையில் பார்த்தவர்களுக்கு இது புரியும். அங்கே வித்தியாசம் அதைவிடப் பெரியது. கோடையில் அடியில் 40 டிகிரியைத் தாண்டும், நிழலிலேயே.

தனியாகப் போகிறவர்கள் வீட்டில் ஒரு காகிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். எந்தப் பாதையில் இறக்கம், எதில் ஏற்றம், அனுமதி எண், எந்த நாள் எந்த நேரத்துக்குள் அழைப்பேன், அழைக்காவிட்டால் என்ன செய்ய வேண்டும். உள்ளே செல்பேசி எடுக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். “அம்மா, நீ தனியாகத்தான் போக வேண்டுமா?” என்று மகன் இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தான். காகிதத்தில் ‘மறுநாள் மாலை 5 மணி, தாண்டினால் 911’ என்று, அந்த நாட்டு அவசர உதவி எண்ணோடு எழுதி அவன் கையில் கொடுத்த பிறகுதான் முகம் தெளிந்தது.

சாப்பாட்டுக்கு அடுப்பு தூக்கவில்லை. கெட்டி அவலில் குளிர்ந்த நீர் ஊற்றி ஊறவைத்து, புளிக்காய்ச்சலைப் பிசைந்தால் இரவுச் சாப்பாடு ஆயிற்று. உப்புப் போட்டு வறுத்த நிலக்கடலை, கடலை உருண்டை, கடையில் வாங்கிய மாங்காயை உப்பில் போட்டுக் காயவைத்த துண்டுகள், நான்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம். தண்ணீரைச் சுத்திகரிக்கும் சிறு வடிகட்டி ஒன்று கட்டாயம். கீழே வரும் குடிநீர், பள்ளத்தாக்கின் குறுக்கே போகும் ஒரே பழைய குழாயில் வருகிறது. அது அடிக்கடி உடையும்; பழுது பார்க்கும்போது பாதைகளையும் மூடுவார்கள். முந்தின நாள் பூங்கா அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

சவுத் கைபாப் பாதையில் இறங்கி, பிரைட் ஏஞ்சல் பாதையில் ஏறுங்கள். முதலாவது சுமார் 11 கிலோமீட்டர். செங்குத்து, நிழல் அரிது, சொட்டுத் தண்ணீர் கிடையாது. இரண்டாவது சுமார் 15 கிலோமீட்டர். சற்றுச் சாய்வு குறைவு, நடுவில் தண்ணீர் உண்டு. ஏறும்போது தண்ணீர் இருக்கும் வழிதான் வேண்டும். சவுத் கைபாப் தொடங்கும் இடத்துக்குச் சொந்தக் காரில் போக முடியாது. பூங்காவின் பஸ்ஸில் விடியலிலேயே போய்விடுங்கள். நான் நான்கு லிட்டர் தண்ணீரோடு இறங்கினேன்.

முந்தின இரவே கால் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் கட்டைவிரல் ஷூவின் முனையில் போய் இடிக்கும். கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டினால் பாதம் முன்னால் வழுக்காது. கோவேறு கழுதைகள் வரிசையாக வந்தால் பாறைப் பக்கம் ஒதுங்கி, ஓட்டுபவர் சொல்கிறபடி அசையாமல் நில்லுங்கள். பள்ளத்தின் பக்கம் ஒதுங்கவே கூடாது.

அடியை நெருங்கும்போது பாறையின் நிறம் மாறியது. மேலே வெளிர் மஞ்சள், நடுவில் செம்மண் நிறம், கீழே மினுமினுக்கும் கருமை. அந்தக் கரும்பாறைக்கு விஷ்ணு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிரம்மா, ராமர் பெயரிலும் பாறைகள் உண்டு. வயது சுமார் 170 கோடி ஆண்டு. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காலை பதினொரு மணிக்கே தோசைக்கல் மாதிரி சூடாக இருந்தது. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பாறைகள் அதைவிடவும் பழையவை, சுமார் 250 கோடி ஆண்டு. கோட்டை மலையில் எத்தனை முறை உட்கார்ந்திருப்பேன்! அந்த வயதை நினைத்தது அங்கே நின்றபோதுதான். சற்றுத் தள்ளி ஒரு சிறு சுரங்கம். அதைத் தாண்டியதும் கொலராடோ ஆற்றின் மேல் 1928-இல் கட்டிய தொங்கு பாலம்.

ஆற்றில் இறங்காதீர்கள். நீர் கடுங்குளிர், இழுப்பும் அதிகம். ஒகேனக்கல்லில் குளித்துப் பழகியவர்களுக்கும் இதையே சொல்வேன். கூடாரத் திடலை ஒட்டி ஓடும் பிரைட் ஏஞ்சல் ஓடையில் காலை நனைத்தாலே போதும். உணவு முழுவதையும் அங்கே வைத்திருக்கும் இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள். கூடாரம் விரிக்கும் பத்து நிமிடத்துக்குள் ஓர் அணில் என் பையின் பக்கவாட்டைக் கடித்துத் துளைத்து, ஒரு கடலை உருண்டையை இரண்டு கையாலும் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. துரத்தினாலும் நகரவில்லை. காலையில் ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள், தேள் உண்டு.

ஏற்றத்துக்கு இறக்கத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கள். நான் காலை 5 மணிக்கு நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு கிளம்பினேன். நான் செய்த தவறு அப்போதுதான் நடந்தது. பசி இல்லை என்று எதுவும் சாப்பிடாமல் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே ஏறினேன். இரண்டு மணி நேரத்தில் தலை கனத்தது, குமட்டியது. மோதிரம் விரலில் இறுகிப்போயிருந்தது. வியர்வையில் உப்பு போய்விட்ட உடம்பில் வெறும் தண்ணீர் சேரச் சேர, ரத்தத்தில் இருக்கிற உப்பும் நீர்த்துவிடும். அது உயிரையே எடுக்கும். ஏறும் பாதையின் பாதியில் இருக்கும் ஹவாசுபாய் கார்டன்ஸ் என்ற இடத்தில் மர நிழலில் உட்கார்ந்து, தண்ணீரைத் தொடாமல், உப்பு மாங்காயையும் கடலையையும் மெல்ல மென்றேன். முக்கால் மணி நேரத்தில் தலை தெளிந்தது. தெளியாமல் குழப்பமோ வாந்தியோ வந்தால் நடக்காதீர்கள், அங்கேயே உதவி கேளுங்கள். ஒவ்வொரு அரை மணிக்கும் பசித்தாலும் பசிக்காவிட்டாலும் உப்புள்ள ஒரு கைப்பிடி சாப்பிடுங்கள்.

அங்கிருந்து விளிம்புக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர். நூறு அடி எடுத்து வைத்து, பத்து மூச்சு நின்று, மறுபடி நூறு அடி என்று எண்ணிக்கொண்டே ஏறினேன். மேலே வந்தபோது மணி 2. உட்காரும் முன்பே மகனை அழைத்தேன். காகிதத்தில் எழுதிய நேரத்துக்கு மூன்று மணி நேரம் மிச்சம். பிறகு ஊருக்கு. பென்னாகரத்தில் அப்போது நள்ளிரவு தாண்டி இரண்டரை. முதல் மணி ஒலித்து முடிவதற்குள் என் வீட்டுக்காரர் எடுத்துவிட்டார்.